ஆடிட் மாணவர்கள் எவ்வளவு படிக்க வேண்டும், வணிகச் செய்தி எதற்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தணிக்கைப் பாடம் எடுக்கிறவர்களுக்கும், எடுத்து முடித்தவர்களிடம் ஆலோசனை கேட்கிறவர்களுக்கும் நடுவில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் என் காதில் விழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

வகுப்புக்கு முன்னாடியே பாடத்தைப் படிச்சிட்டு வரணுமா? வகுப்பில் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டா போதாதா?

போதாது. கணக்கியலில் ஆசிரியர் ஒரு கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினால் பாதி புரிந்துவிடும். தணிக்கையில் அப்படிப் போட்டுக் காட்டுவதற்குக் கணக்கு என்று பெரிதாக எதுவும் கிடையாது, இருப்பதெல்லாம் முடிவெடுக்கிற விஷயம்: இந்த ஆதாரம் போதுமா, இந்த விளக்கத்தை ஏற்கலாமா, இன்னும் யாரிடம் கேட்க வேண்டும். இதைப் பேசுவதற்குத்தான் வகுப்பு நேரம். அடிப்படைச் சொற்களே அங்கேதான் முதல்முறை காதில் விழுகிறது என்றால் விவாதம் உங்களைத் தாண்டிப் போய்விடும்.

முழுதாகப் புரிய வேண்டும் என்று இல்லை. ஒரு அரை மணி, முக்கால் மணி நேரம் அத்தியாயத்தை ஓட்டிப் பார்த்து, புரியாத இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

பாடப்புத்தகம், தரநிலை, வகுப்புக் குறிப்பு, மூணையும் படிக்கணுமா? எது முதல்ல?

முதலில் புத்தகம், அப்புறம் தரநிலை. வகுப்புக் குறிப்பு கடைசியில், திருப்பிப் பார்ப்பதற்கு மட்டும். பலர் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வுவரை ஓட்டிவிடுகிறார்கள், கேள்வியில் சூழ்நிலை கொஞ்சம் மாறினாலே தடுமாறுவதும் இவர்கள்தான்.

தரநிலைகளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சர்வதேசத் தணிக்கைத் தரநிலை (சுருக்கமாக ஐஎஸ்ஏ) ஒவ்வொன்றும் ஒரே அமைப்பில்தான் இருக்கும்: அறிமுகம், நோக்கம், வரையறைகள், கட்டாயத் தேவைகள், அதன் பிறகு 'ஏ' என்று தொடங்கும் எண்களோடு விளக்கப் பத்திகள். பக்கக் கணக்கில் பெரும்பகுதி இந்த விளக்கப் பத்திகள்தான். நோக்கத்தையும் கட்டாயத் தேவைகளையும் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள், விளக்கப் பத்திகளுக்குச் சந்தேகம் வரும்போது போனால் போதும். எல்லாத் தரநிலைகளையும் ஒரே அழுத்தத்தோடு படிக்க முடியாது. என்னைக் கேட்டால் ஐஎஸ்ஏ 200, 240, 315, 330, 500, 570, 700, 705 ஆகிய எட்டையும் சுருக்கத்தில் படிக்காமல் மூலத்திலேயே படித்துவிட வேண்டும்.

செய்தியெல்லாம் தேர்வில் வருமா? வராததை ஏன் படிக்கணும்?

'எந்த நிறுவனம் எந்த ஆண்டு திவாலானது' என்று கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொடுப்பார்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகிவிட்டார், வங்கிக் கடன் நிபந்தனை ஒன்று மீறப்படும் நிலையில் இருக்கிறது, புதிய விற்பனை இயக்குநருக்கு வருவாயைப் பொறுத்து போனஸ் என்று நாலு தகவல் இருக்கும், அபாயங்களை எழுதச் சொல்வார்கள். செய்தி படிக்கிறவர் 'கடன் நிபந்தனையைக் காப்பாற்ற ஆண்டுக் கடைசி வாரத்து விற்பனையை முன்கூட்டியே பதிவு செய்யும் தூண்டுதல் இருக்கும்' என்று எழுதுவார். படிக்காதவர் 'வருவாய் தவறாக இருக்கலாம்' என்று எழுதுவார். மதிப்பெண் வித்தியாசம் அங்கேதான்.

இன்னொன்று, இது தேர்வுக்காக மட்டும் இல்லை. நிறுவனத்தின் தொழில்துறை, சட்டச் சூழல், பொருளாதார நிலை எல்லாவற்றையும் புரிந்துகொண்டுதான் அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்று ஐஎஸ்ஏ 315 கட்டாயப்படுத்துகிறது. வெளியுலகத்தைப் படிப்பதும் ஆடிட் வேலைதான்.

தினமும் எவ்வளவு நேரம் படிக்கணும்?

பதினைந்து, இருபது நிமிடம். வாரத்தில் ஒருநாள் ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போங்கள். தலைப்புகளை மட்டும் ஒரு மணி நேரம் மேய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

எதைப் படிக்கிறது? பங்கு விலை ஏறினது இறங்கினது எல்லாமா?

பங்கு விலையை விட்டுவிடலாம். கண்ணில் பட்டால் நிற்க வேண்டிய செய்திகள் வேறு: ஆடிட்டர் பாதியில் விலகினார், நிதித் தலைவர் 'சொந்தக் காரணங்களுக்காக' ராஜினாமா செய்தார், ஆண்டுக் கணக்கு வெளியாவது தள்ளிப்போனது, முந்தைய ஆண்டுக் கணக்குகள் திருத்தப்படுகின்றன, ஒழுங்குமுறை அமைப்பு அபராதம் விதித்தது, விற்ற பொருளை நிறுவனம் திரும்பப் பெறுகிறது, பெரிய வழக்கில் தீர்ப்பு வந்தது, ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கியது. இதோடு வட்டி விகிதம், நாணய மாற்று விகிதம், மூலப்பொருள் விலை. இவை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் கணக்கைத் தொடும்.

இதில் ஆடிட்டர் விலகும் செய்தியை நான் எப்போதும் முதலில் படிக்கச் சொல்வேன். கட்டணத் தகராறாகவும் இருக்கலாம், கேட்ட ஆவணங்களைத் தரவில்லை என்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம். விலகல் கடிதம் வெளியாகியிருந்தால் செய்தியோடு நின்றுவிடாமல் கடிதத்தின் வாசகத்தையே தேடிப் படியுங்கள்.

செய்தி படிச்சா ஒண்ணும் தோண மாட்டேங்குது. இதை ஆடிட்டோட எப்படிச் சேர்க்கிறது?

ஒவ்வொரு செய்தியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கில் எந்த வரியை இது தொடுகிறது? நிர்வாகம் அந்த வரியை எந்தப் பக்கம் தள்ள ஆசைப்படும், கூட்டவா குறைக்கவா? நான் ஆடிட்டராக இருந்தால் எந்த ஆதாரத்தை, யாரிடமிருந்து கேட்பேன்?

ஒரு வாகன நிறுவனம் பிரேக் கோளாறால் ஒரு மாடலைத் திரும்பப் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்விக்கே பதில் நீண்டுகொண்டு போகும். பழுது பார்க்கும் செலவுக்கு ஒதுக்கீடு வேண்டும் (வரப்போகும் செலவை மதிப்பிட்டு முன்கூட்டியே கணக்கில் எழுதுவது), கிடங்கில் நிற்கும் வண்டிகளின் மதிப்பு குறையலாம், விற்பனையாளர்கள் திருப்பி அனுப்புவதால் வருவாய் குறையும், விபத்து வழக்குகள் இருந்தால் அவற்றுக்கும் ஒதுக்கீடோ குறிப்பில் வெளியீடோ தேவை, அந்த மாடலைத் தயாரிக்கும் ஆலையின் மதிப்பையே மறுபரிசீலனை செய்ய வேண்டி வரலாம். இரண்டாவது கேள்வி: ஒதுக்கீட்டைக் குறைத்துக் காட்டத்தான் ஆசை வரும், அதனால் முழுமை என்ற கோணத்தில், அதாவது எழுத வேண்டியதெல்லாம் கணக்கில் வந்துவிட்டதா என்று, கவலைப்பட வேண்டும். ஆனால் எப்படியும் மோசமான ஆண்டு, இருக்கிற நஷ்டத்தையெல்லாம் இதிலேயே கொட்டிவிடலாம் என்று நினைக்கிற புதிய நிர்வாகமாக இருந்தால் எதிர்த்திசையில் தள்ளும், அதையும் யோசியுங்கள். மூன்றாவது: பொறியாளர்களின் அறிக்கை, வழக்கறிஞரின் பதில் கடிதம், ஆண்டு முடிந்த பிறகு உண்மையிலேயே எத்தனை வண்டி திரும்பி வந்தது என்ற கணக்கு, முந்தைய திரும்பப் பெறுதலில் போட்ட மதிப்பீடு எவ்வளவு சரியாக இருந்தது என்ற ஒப்பீடு.

முதலில் மெதுவாகத்தான் வரும். எழுதிப் பழகுங்கள், ஒரு செய்திக்கு அரைப் பக்கம் போதும்.

எனக்குக் கணக்கியலே வீக். இதெல்லாம் புரியுமா?

பெரிய மோசடிகளில் சில, அடிப்படை டெபிட் கிரெடிட் தெரிந்தாலே புரியக்கூடியவை. வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் பிற தொலைபேசி நிறுவனங்களின் கம்பித்தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணத்தை, அன்றாடச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதிக்கொண்டது. செலவு குறைந்தது, லாபம் கூடியது, அவ்வளவுதான் தந்திரம். 2002 ஜூனில் வெளிவந்தபோது சொன்ன தொகை சுமார் 380 கோடி டாலர், பிறகு கண்டுபிடித்த மற்ற தவறுகளையும் சேர்த்து அது சுமார் 1,100 கோடி டாலராகப் பெருகியது. கண்டுபிடித்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான அந்த நிறுவனத்தின் உள்தணிக்கைக் குழு.

எது செலவு, எது சொத்து என்பதில் தடுமாற்றம் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல் அது தவறாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

பழைய மோசடிக் கதையெல்லாம் எதுக்கு? என்ரான் நடந்து எத்தனையோ வருஷம் ஆச்சே.

இன்று நீங்கள் படிக்கும் விதிகள் பலவும் அந்தக் கதைகளிலிருந்து வந்தவை. கிடங்குக்கு நேரில் போய்ச் சரக்கைப் பார்க்க வேண்டும், வரவேண்டிய பாக்கியைக் கொடுக்க வேண்டியவரிடமே எழுதிக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பது அமெரிக்காவில் கட்டாய நடைமுறையானது 1938-ல் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் விவகாரம் வெடித்த பிறகுதான், அங்கே இல்லாத சரக்கும் இல்லாத கடனாளிகளும் கணக்கில் இருந்தார்கள். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான், கணக்கு மோசடி வெளிவந்து 2001 டிசம்பரில் திவால் மனு போட்டது, அடுத்த ஆண்டு ஜூலையில் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது, பட்டியலிட்ட நிறுவனங்களின் ஆடிட்டர்களைக் கண்காணிக்கத் தனி அமைப்பு அதன் வழியாகப் பிறந்தது. காரணம் தெரிந்தால் விதி மனதில் நிற்கும்.

இன்னும் முக்கியமான காரணம், ஒரே மோசடி திரும்பத் திரும்ப வருகிறது. வங்கியில் இருக்கும் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சரிபார்க்க இதைவிட எளிதான வரி இல்லை என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள். 2003-ல் இத்தாலியின் பால் பொருள் நிறுவனமான பார்மலாட், கேமன் தீவுகளில் இருந்த துணை நிறுவனத்தின் பெயரில் வங்கியில் இருப்பதாகக் காட்டிய சுமார் 395 கோடி யூரோ அங்கே இல்லவே இல்லை, பணம் இருக்கிறது என்று வங்கி தந்ததாகக் காட்டிய உறுதிக் கடிதம் போலி. 2009 ஜனவரி 7 அன்று இந்திய மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டதில் பெரிய தொகை, இல்லாத ரொக்கமும் வங்கி இருப்பும், 5,040 கோடி ரூபாய். 2020 ஜூனில் ஜெர்மனியின் மின்னணுப் பணப் பரிமாற்ற நிறுவனமான வயர்கார்டு, பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோவைப் பற்றி அந்த வங்கிகளே 'இந்த ஆவணங்கள் எங்களுடையவை அல்ல' என்றன.

மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு ஐஎஸ்ஏ 505-ஐப் படியுங்கள். உறுதிக் கடிதம் அனுப்புவதும் பதில் வாங்குவதும் முழுக்க ஆடிட்டர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் கை நடுவில் படக்கூடாது என்று அது ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

வட்டி விகிதம் ஏறினா ஆடிட்டருக்கு என்ன?

அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க்கைப் பாருங்கள். வட்டி குறைவாக இருந்தபோது நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக் குவித்தது. 2022-ல் வட்டி வேகமாக ஏற, பத்திரங்களின் சந்தை மதிப்பு இறங்கியது. ஆனால் முதிர்வுவரை வைத்திருக்கப் போவதாக வகைப்படுத்திய பத்திரங்களைச் சந்தை விலையில் காட்ட வேண்டியதில்லை, அதனால் இருப்புநிலைக் குறிப்பில் நஷ்டம் தெரியவில்லை. தெரிந்த இடம் கணக்குக் குறிப்புகள். 2022 முடிவில் சுமார் 1,500 கோடி டாலர் நஷ்டம் அங்கே இருந்தது, வங்கியின் மொத்த மூலதனமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆடிட் அறிக்கையில் அந்த வங்கியின் ஆடிட் நிறுவனமான கேபிஎம்ஜி 2023 பிப்ரவரி 24 அன்று கையெழுத்திட்டது, மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. மேலே சொன்ன மூன்று கேள்விகளை இதில் ஓட்டிப் பாருங்கள். 'முதிர்வுவரை வைத்திருப்போம்' என்று நிர்வாகம் சொன்னதை எந்த ஆதாரத்தை வைத்து ஏற்பீர்கள்? வைப்புத்தொகையாளர்கள் ஒரே நேரத்தில் வந்தால் அந்தச் சொல் நிற்குமா? வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாம்.

ஆண்டறிக்கை முன்னூறு பக்கம் இருக்கு. அதையுமா?

முதல் பக்கத்திலிருந்து படித்தால் யாருக்கும் சலிப்புத்தான் வரும். ஆடிட்டர் அறிக்கையில் தொடங்குங்கள். அதில் 'முக்கியத் தணிக்கை விஷயங்கள்' என்ற பகுதி எந்தக் குறிப்பு எண்ணைச் சுட்டுகிறதோ அந்தக் குறிப்புக்குப் போங்கள். பிறகு தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள், வழக்குகள் பற்றிய குறிப்புகள். கடைசியாகப் பணப்பாய்வு அறிக்கையை எடுத்து, லாபத்தையும் செயல்பாடுகளிலிருந்து வந்த பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். லாபம் ஆண்டுக்காண்டு ஏறி, பணம் மட்டும் வராமல் இருந்தால் ஏன் என்று தேடுங்கள். இவ்வளவும் நாற்பது, ஐம்பது பக்கம்தான் வரும். தலைவரின் கடிதமும் வண்ணப் படங்களும் காத்திருக்கலாம்.

முக்கியத் தணிக்கை விஷயம்னு போட்டிருந்தா அங்கே தப்பு இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. இந்தக் குழப்பம் செய்தி எழுதுகிறவர்களுக்கே வருகிறது. அந்த ஆண்டுத் தணிக்கையில் அதிகக் கவனம் தேவைப்பட்ட இடங்களை ஆடிட்டர் வெளிப்படையாகச் சொல்வது அது, பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2016 டிசம்பர் 15 அல்லது அதற்குப் பின் முடியும் ஆண்டுகளிலிருந்து ஐஎஸ்ஏ 701 மூலம் வந்தது. அறிக்கை முழுச் சுத்தமாக இருக்கும்போதும் இந்தப் பகுதி இருக்கும். கணக்கில் தவறு இருக்கிறது அல்லது போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்றால் அதைச் சொல்லும் இடம் வேறு, கணக்கைப் பற்றி ஆடிட்டர் சொல்லும் கருத்தே மாற வேண்டும், ஐஎஸ்ஏ 705 பேசுவது அதைத்தான்.

நல்ல பயிற்சி ஒன்று: ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆண்டு அறிக்கைகளை எடுத்து, எந்த விஷயம் புதிதாக வந்தது, எது காணாமல் போனது என்று பாருங்கள். காணாமல் போனதற்குக் காரணம் செய்திகளில் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

பத்திரிகையில் வர்றதை எல்லாம் நம்பலாமா?

நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். வயர்கார்டு பற்றி ஃபைனான்ஷியல் டைம்ஸ் பல ஆண்டுகள் எழுதியது. 2019-ல் ஜெர்மனியின் கண்காணிப்பு அமைப்பு நிறுவனத்தை விட்டுவிட்டு, அதன் பங்குகளை வைத்து விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுவதைத் தடைசெய்தது, செய்தியாளர்கள் மீதே புகார் கொடுத்தது. கடைசியில் பத்திரிகை சொன்னதுதான் சரி. அதற்காகப் பத்திரிகைச் செய்தி தணிக்கை ஆதாரம் ஆகிவிடாது. எங்கே தோண்ட வேண்டும் என்று அது சொல்லும், தோண்ட வேண்டியது நீங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு, மேல்முறையீட்டுத் தீர்ப்பு வேறு. என்ரான் ஆவணங்களை அழித்த விவகாரத்தில், என்ரானின் ஆடிட்டராக இருந்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்துக்கு 2002-ல் தண்டனை கிடைத்தது என்று எல்லா மாணவரும் எழுதுவார்கள். 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதற்குள் நிறுவனம் கலைந்துபோய்விட்டது. ஒரு செய்தியைக் குறித்து வைத்தால் அது எங்கே முடிந்தது என்றும் போய்ப் பாருங்கள்.

கணக்கு டிசம்பர் 31-ல் முடிஞ்சிருச்சு. பிப்ரவரிச் செய்தி எதுக்கு?

ஆடிட்டர் கையெழுத்திடும் வரை பிப்ரவரியும் உங்கள் வேலைக்குள்தான். பெரிய பாக்கி வைத்திருந்த வாடிக்கையாளர் பிப்ரவரியில் திவாலானால், பெரும்பாலும் டிசம்பரிலேயே அவர் நிலைமை மோசமாகத்தான் இருந்திருக்கும், அதனால் டிசம்பர் கணக்கையே திருத்த வேண்டும். பிப்ரவரியில் ஆலை தீப்பிடித்தால் டிசம்பரில் ஆலை நன்றாகத்தான் இருந்தது, தொகையை மாற்றாமல் குறிப்பில் சொன்னால் போதும். ஆனால் அந்தத் தீயால் நிறுவனமே தொடர்ந்து இயங்க முடியாது என்றால் கணக்கு தயாரித்த அடிப்படையே மாறும், இந்த மூன்றாவது நிலையைத் தேர்வில் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐஎஸ்ஏ 560, சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 10 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

கையெழுத்துக்குப் பிறகு தேடிக்கொண்டே இருக்கும் கடமை இல்லை. ஆனால் அன்றே தெரிந்திருந்தால் அறிக்கையை மாற்றியிருப்பேன் என்று சொல்லக்கூடிய விஷயம் செய்தியில் கண்ணில் பட்டுவிட்டால், நிர்வாகத்திடம் பேசியாக வேண்டும், பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

கம்பெனி திவாலாயிடுச்சுன்னா ஆடிட்டர் தப்பு பண்ணிட்டார்னுதானே?

தானாக அப்படி ஆகாது. கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறதா என்பதுதான் ஆடிட்டர் சொல்வது, தொழில் நன்றாக நடக்கும் என்று அவர் உத்தரவாதம் தருவதில்லை. சிலிக்கான் வேலி பேங்க் விஷயத்தில் எண்கள் குறிப்பில் இருந்தன என்று பார்த்தோம், அங்கே நடக்கும் வாதம் தொடர்ந்து இயங்கும் திறன் பற்றி ஆடிட்டர் இன்னும் பேசியிருக்க வேண்டுமா என்பது.

கேரில்லியன் கதை வேறு. பிரிட்டனின் இந்தக் கட்டுமான நிறுவனம் 2017 ஜூலையில் ஒப்பந்தங்களுக்காக 84.5 கோடி பவுண்டு ஒதுக்கீடு அறிவித்தது, ஆண்டுக் கணக்குக்குச் சுத்தமான அறிக்கை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2018 ஜனவரியில் நிறுவனம் விழுந்தது. விசாரித்த அமைப்பு 2023-ல் அதன் ஆடிட்டரான கேபிஎம்ஜிக்கு 2.1 கோடி பவுண்டு அபராதம் விதித்தது, ஒப்பந்த மதிப்பீடுகள் பற்றிய ஆதாரங்களை அவர்கள் போதுமான ஐயத்தோடு சோதிக்கவில்லை என்பது குற்றங்களில் ஒன்று. விழுந்ததற்காக அபராதம் இல்லை, செய்த வேலையின் தரத்துக்காக. பதிலில் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள்.

ஏஐ கிட்ட சுருக்கம் கேட்டா போதாதா? நேரம் மிச்சம்தானே?

கடினமான பத்தியை எளிமையாக விளக்கச் சொல்வது தப்பில்லை. ஆனால் தணிக்கையில் பொருள் ஒளிந்திருப்பது 'தவிர', 'இருந்தால் மட்டும்', 'பரவலான' போன்ற சின்னச் சொற்களில், சுருக்கம் முதலில் தொலைப்பதும் இவற்றைத்தான். பத்தி எண்ணும் தொகையும் அது சொன்னால் மூலத்தில் திறந்து பாருங்கள். சரிபார்க்காமல் ஏற்கும் பழக்கம் இந்தத் தொழிலுக்கே எதிரானது என்று நான் நினைக்கிறேன். பயிற்சிக்குப் போகும் இடத்தின் ஆவணங்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அதில் ஏற்றாதீர்கள்.

பயிற்சியில் நான் பார்க்கிற கம்பெனி பத்திச் செய்தி வந்திருக்கு. வகுப்பில் பேசலாமா?

வேண்டாம். செய்தியில் வந்தது பொதுத் தகவல்தானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் பேசும்போது எது பத்திரிகையில் படித்தது, எது கோப்பில் பார்த்தது என்று கேட்கிறவருக்குப் பிரித்துத் தெரியாது, சில நேரம் உங்களுக்கே தெரியாது. 'ஆமாம்' என்று தலையாட்டினாலே ஒரு செய்தியை உறுதிப்படுத்தியதாகிவிடும். அந்த நிறுவனத்தின் பங்கை வாங்குவதும் விற்பதும், நண்பருக்கு யோசனை சொல்வதும் இதைவிடப் பெரிய சிக்கல், பல நாடுகளில் குற்றம்.

செய்தியைப் பார்த்த அன்றே உங்கள் குழுவின் சீனியரிடம் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். வகுப்பு விவாதத்துக்கு வேறு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம்.